கேன் யாருடையது

கல்யாண வீட்டிலிருந்து வருகிறாயா தம்பி என்று கேட்டீர்கள். இல்லை ஐயா. இந்தக் கோட்டைப் பார்ப்பவர்கள் எல்லோரும் அப்படித்தான் கேட்கிறார்கள். அருப்புக்கோட்டையில் மாப்பிள்ளைக் கோட்டு வாடகைக்குக் கொடுக்கும் கடையில் எடுத்தது. பொத்தான்கள் பொன்னிறமாக மின்னின. அவற்றின்மேல் என் அக்கா கறுப்புத் துணி சுற்றித் தைத்துக் கொடுத்தாள். ஒன்று மட்டும் பிரிந்துவிட்டது. அதுதான் உங்கள் கண்ணில் பட்டிருக்கிறது.

என் பெயர் ஜெயக்கொடி. சட்டம் படித்தவன். சென்னையில் ஒரு பெரிய சட்ட நிறுவனத்தில் பயிற்சி வழக்கறிஞர் வேலைக்கு இன்று காலை நேர்காணல். அதை முடித்துக்கொண்டு திரும்புகிறேன். இது ஆறாவது. ஆறாவது என்பதைவிடக் கடைசி என்பதே பொருத்தம். படிப்பை முடித்து இரண்டு ஆண்டுக்குள் இருப்பவர்களைத்தான் இத்தகைய நிறுவனங்கள் பயிற்சிக்கு அழைக்கும். எனக்கு அடுத்த மாதத்தோடு அந்த இரண்டு ஆண்டு முடிகிறது.

முடிவை மின்னஞ்சலில் தெரிவிப்பதாகச் சொன்னார்கள். ஆனால் எனக்கு முடிவு தெரியும். நான் எழுந்து கதவருகே வந்தபோது, என்னைக் கேள்வி கேட்ட அம்மையார் ஒரு வார்த்தை சொன்னார். அந்த வார்த்தை எழும்பூரிலிருந்து இந்த ரயிலில் என்னோடு பயணம் செய்கிறது. அதைப் பின்னால் சொல்கிறேன். எதையும் முறையாகச் சொல்ல வேண்டும் ஐயா. முறை தவறிச் சொன்ன உண்மை, உறையில்லாமல் கொடுத்த கத்தி.

நான் இப்படிப் பேசுவது உங்களுக்குச் சிரிப்பாக இருக்கலாம். பள்ளியிலும் கல்லூரியிலும் பேச்சுப்போட்டி, பட்டிமன்றம் என்றே வளர்ந்தவன். வீட்டிலும் இப்படித்தான் பேசுவேன். "மைக்க ஆஃப் பண்ணிட்டுச் சாப்பிட வாடா" என்பாள் அக்கா. அவள் படித்தது ஒன்பதாம் வகுப்பு. அவளைக் குறை சொல்வதற்கில்லை.

இந்த நேர்காணல்களில் சட்டத்தை அதிகம் கேட்க மாட்டார்கள். ஐந்து ஆண்டு படித்த சட்டத்தை ஐந்து நிமிடத்தில் முடித்துவிட்டு, கமர்ஷியல் அவேர்னஸ் என்று ஒன்றைத் தொடங்குவார்கள். வணிக அறிவு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு தொழில் எப்படி நடக்கிறது, அதில் எது ஆதாயம், எது ஆபத்து, கட்சிக்காரர் கையெழுத்துப் போடுவதற்கு முன்பு அவருக்கு எதைச் சொல்லி எச்சரிக்க வேண்டும், இவையெல்லாம் ஒரு வழக்கறிஞனுக்குத் தெரிந்திருக்க வேண்டுமாம். நியாயமான எதிர்பார்ப்புதான். நான் மறுக்கவில்லை. என் முதல் நேர்காணலிலேயே, "சமீபத்தில் நீங்கள் கூர்ந்து கவனித்த ஒரு தொழிலைப் பற்றிச் சொல்லுங்கள்" என்றார்கள். எனக்கு ஒரு தொழில்கூட நினைவுக்கு வரவில்லை. அன்று திரும்பி வரும்போது சபதம் செய்தேன். இனி உலகின் எந்தத் தொழிலைக் கேட்டாலும் என் நாக்கு நிற்கக்கூடாது.

எப்படித் தயாரானேன் என்று சொன்னால் நீங்கள் நம்ப மாட்டீர்கள். நூலகத்துக்கு வரும் ஆங்கில வணிக நாளிதழ் இரண்டையும் ஒரு வரி விடாமல் படித்தேன். நூலகர், "தம்பி, பங்குச் சந்தையில எவ்வளவு போட்டிருக்கீங்க?" என்று கேட்டார். முக்கியமானவற்றை நகல் எடுத்து, வெட்டி, நோட்டில் ஒட்டினேன். இதோ இந்தப் பையில் நான்கு நோட்டும் இருக்கின்றன. வட்டி விகிதம் ஒன்று, கச்சா எண்ணெய் ஒன்று, மின்கலமும் மின்சார வாகனமும் ஒன்று, அயல்நாட்டு வர்த்தக உடன்பாடுகள் ஒன்று. ஒவ்வொரு தலைப்புக்கும் இரண்டு நிமிடப் பேச்சு எழுதி மனப்பாடம் செய்தேன். பட்டிமன்ற மணி ஒன்று வீட்டில் இருக்கிறது. இரண்டு நிமிடம் முடிந்ததும் நானே அடித்துக்கொள்வேன். தென் அமெரிக்காவில் செம்பு விலை ஏறினால் தென்கொரியாவில் யாருக்கு வலிக்கும் என்று கேளுங்கள், சொல்கிறேன். வேண்டாமா. சரி.

ஆனால் ஐயா, படிப்பதற்கு ஒரு வீடு வேண்டும். எனக்கு வாய்த்தது வீடல்ல, கிடங்கு.

அப்பாவும் அம்மாவும் இல்லை. அக்கா சண்முகக்கனி கல்யாணம் ஒத்துவராமல் திரும்பி வந்து ஒன்பது ஆண்டு ஆகிறது. பிழைப்புக்காக வீட்டின் முன்னறையில் கேன் தண்ணீர் வைத்து வியாபாரம் செய்கிறாள். எங்கள் ஊர் நிலத்தடி நீர் உங்களுக்குத் தெரியாது. அதில் பருப்பு வேகாது. ஊரே கேன் தண்ணீரில்தான் வாழ்கிறது. ஊருக்கு வெளியே தண்ணீர் சுத்திகரிக்கும் பிளான்ட் ஒன்று. அங்கே நிரப்பி வந்து இவள் வீடுவீடாகப் போடுவாள். காலை ஐந்தரைக்கு சிக்கந்தர் அண்ணன் தன் குட்டி யானை வண்டியைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்துவார். பிறகு ஆரம்பிக்கும் சத்தம். காலிக் கேன் ஒன்றோடொன்று மோதினால் எப்படிக் கேட்கும் தெரியுமா? வெறும் வயிற்றில் யாரோ கொட்டு அடிப்பதுபோல் இருக்கும். நான் உள்ளறையில் ஐரோப்பிய வங்கிகளின் நெருக்கடியைப் படித்துக்கொண்டிருப்பேன். டம். ஒரு பத்தி. டம், டம். அந்தப் பத்தி போய்விடும்.

சத்தம்கூடப் பரவாயில்லை. பேச்சு இருக்கிறதே. நாள் முழுக்கக் கேனைப் பற்றியே பேச்சு. "அண்ணே, நம்ம கேனு அந்த மெஸ்ல பதினாலு நிக்குது. தண்ணி குடுக்காட்டியும் பரவால்ல, கேன மொதல்ல தூக்கிட்டு வாங்க." காலிக் கேன் கொண்டுவரும் பெண்களிடம், "எக்கா, இது நம்ம கேனு இல்ல, நம்மதுல கழுத்துல செவப்புப் பொட்டு இருக்கும், பாருங்க." நகப்பூச்சு வாங்கி வைத்துக்கொண்டு ஒவ்வொரு கேனின் கழுத்திலும் ஒரு சிவப்புப் பொட்டு வைப்பாள். எல்லாம் அவளே வாங்கிச் சேர்த்த கேன்கள். இரவல் போன பிள்ளைகளைத் தேடுவதுபோல் தேடுவாள். ஒருநாள் பொறுக்க முடியாமல் கேட்டேன்: "அக்கா, நீ விற்பது தண்ணீரா, பிளாஸ்டிக்கா?" அவள் ஏதோ பதில் சொன்னாள். நான் கதவைச் சாத்திவிட்டேன். அவள் என்ன சொன்னாள் என்று இப்போது நினைவில்லை.

மே மாதத்தில் பிளான்ட்டின் போர்க் கிணறு வற்றிவிடும். அது பக்கத்துத் தோட்டக்காரரின் நிலத்தில் இருக்கிறதாம். அவர் ஒவ்வோர் ஆண்டும் முறுக்கிக்கொள்வாராம். அதை வேறு சாப்பிடும்போது என்னிடம் சொல்வாள். "நெலம் அவருது, மோட்டாரு இவருது. அவரு ஒரு நா வேலிய அடைச்சா பிளான்ட்டு வெறுங் கொட்டகைதான்டா கொடி." நான் தலையை ஆட்டுவேன். மனத்துக்குள் செமிகண்டக்டர் பற்றாக்குறையின் மூன்று காரணங்களை வரிசைப்படுத்திக்கொண்டிருப்பேன். மனிதன் இப்படித்தான் தன் நேரத்தைக் காப்பாற்றிக்கொள்ள வேண்டும். உங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள் ஐயா. காது எல்லாருக்கும் திறந்திருக்கும், மனம் குறிக்கோளுக்கு மட்டும் திறந்திருக்க வேண்டும்.

உள்ளூர் நீதிமன்றத்தில் ஜூனியராகச் சேரலாமே என்று நினைக்கிறீர்கள். அக்காவும் அதைத்தான் சொன்னாள். ஒரு மூத்த வழக்கறிஞர் அழைக்கவும் செய்தார். வாடகைத் தகராறு, வரப்புத் தகராறு, கடன் பத்திரம். அதற்காகவா நான் செம்பு விலை படித்தேன்?

இப்போது ஒரு பேப்பர் விஷயத்தைச் சொல்ல வேண்டும்.

மூன்று மாதத்துக்கு முன்பு அந்தப் பிளான்ட்டை அதன் முதலாளி ஒரு வெளியூர் கம்பெனிக்கு விற்றுவிட்டார். சுற்றியுள்ள ஊர்களில் இன்னும் சில பிளான்ட்டுகளையும் அதே கம்பெனி வாங்கியதாகப் பேச்சு. கம்பெனி எல்லா ஏஜென்ட்டுகளுக்கும் ஒரு ஒப்பந்தம் அனுப்பியது. பதினான்கு பக்கம், ஆங்கிலம், இரண்டு பிரதி. அக்கா அதை ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு என் மேசைமேல் வைத்தாள்.

"கொடி, இத வாசிச்சு என்னான்னு சொல்லுடா. கையெழுத்துக் கேக்குறாக."

"வைத்துவிட்டுப் போ."

அப்போது எனக்கு ஐந்தாவது நேர்காணல் நெருங்கிக்கொண்டிருந்தது. மூன்றாம் நாள் வந்து கேட்டாள். ஐந்தாம் நாள் வந்து கேட்டாள். ஏழாம் நாள், ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு, "முழுசும் வேண்டாம்டா. கேனப் பத்தி எங்கிட்டாவது போட்டிருக்கான்னு மட்டும் பாரு" என்றாள். எனக்குக் கோபம் வரவில்லை. நான் கோபப்படுவதில்லை. கதை சொல்லித் திருத்துவேன். அவளை உட்காரவைத்து ஒரு கதை சொன்னேன்.

ஓர் ஊரில் இரண்டு விவசாயிகள். ஒருவன் வானம் பார்த்ததும் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு வரப்பைக் கட்டப் போனான். மற்றவன் வானொலியைத் திருகி, எந்தக் கடலில் புயல் உருவாகிறது, எந்த மலையில் மேகம் முட்டுகிறது என்று கேட்டுக் குறித்துக்கொண்டான். மழை வந்தது. வரப்புக் கட்டியவனுக்கு மழை வந்தது என்பது மட்டும்தான் தெரிந்தது. வானொலி கேட்டவனுக்கோ, அது ஏன் வந்தது, எங்கிருந்து வந்தது, அடுத்து எங்கே போகும் என்று எல்லாம் தெரிந்தது. அக்கா, இந்த இருவரில் யார் அறிவாளி?

அவள், "யாரு வீட்ல நெல்லு வந்துச்சு?" என்றாள்.

இதுதான் ஐயா, எங்கள் வீட்டின் நிலை. இதற்குமேல் என்ன பேசுவது? முதல் பக்கத்தைப் பார்த்தேன். வழக்கமான முகவர் ஒப்பந்தம். தரப்பினர் பெயர், தேதி, விளக்கங்கள். "எல்லா இடத்திலும் போடுவதுதான், கையெழுத்துப் போடு" என்றேன். "வக்கீலு சொன்னா சரி" என்று சொல்லிவிட்டுப் போட்டாள். ஒவ்வொரு பக்கத்திலும் தமிழில் சண்முகக்கனி என்று எழுதினாள். இரண்டு பிரதியிலுமாக இருபத்தெட்டுத் தடவை எழுதிவிட்டு, "பள்ளிக்கூடத்துல இம்போசிசன் எழுதுன மாதிரி இருக்குடா" என்று சிரித்தாள். ஒரு பிரதி கம்பெனிக்குப் போயிற்று. மற்றது வீட்டில் இருந்தது. நல்ல தாள், பின்பக்கமெல்லாம் வெள்ளை. வீணாகப் போவானேன் என்று நேர்காணல் குறிப்புகளை அதில் எழுதிக்கொண்டேன்.

திருச்சி வரப்போகிறது என்று நினைக்கிறேன். தண்ணீர் குடிக்கிறீர்களா? குடியுங்கள், எனக்கு வேண்டாம்.

இன்றைய நேர்காணலுக்கு வருகிறேன். மேசைக்கு அப்புறம் மூன்று பேர். நடுவில் வெண்தலைப் பெரியவர் ஒருவர், அவர் பேசவே இல்லை. இடப்பக்கம் ஓர் இளைஞர், அவருக்கு என் வயதுதான் இருக்கும். அவர் என் பொத்தானையே பார்த்துக்கொண்டிருந்தார். வலப்பக்கம் மீனலோசனி என்ற அம்மையார், நிறுவனத்தின் பங்குதாரர். எல்லாம் ஆங்கிலத்தில்தான். சட்டத்தில் மூன்று கேள்வி கேட்டார்கள், மூன்றுக்கும் சொன்னேன். பிறகு அம்மையார் என் விண்ணப்பத்தைப் புரட்டினார். அதில் குடும்பத் தொழில் என்ற இடத்தில் நீர்வள விநியோகம் என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தேன். அதைப் பார்த்ததும் சட்டென்று தமிழுக்கு மாறினார்.

"அருப்புக்கோட்டையா நீங்க? நீர்வள விநியோகம்னா என்னது, கேன் தண்ணியா?"

இளைஞர் புன்னகை செய்தார். எனக்குக் காது சூடாயிற்று. "அது என் சகோதரி செய்யும் சிறு தொழில் அம்மா. எனக்கும் அதற்கும் தொடர்பில்லை" என்றேன்.

"ஏன் தொடர்பில்ல? ஒரே வீட்லதானே இருக்கீங்க?"

"ஒரே வீடுதான். ஆனால் நான் உள்ளறையில் இருப்பேன்."

அவர் ஏனோ தலையைச் சாய்த்து என்னைப் பார்த்தார். பிறகு நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். நல்ல மனுஷிதான், குரலில் கிண்டல் இல்லை. "சரி, தமிழ்லயே சொல்லுங்க, பரவாயில்ல. நம்ம கட்சிக்காரர் ஒருத்தர், தென்மாவட்டத்துல இந்த மாதிரி சின்னச் சின்னத் தண்ணி பிளான்ட் ஒரு பத்து வாங்கப்போறார்னு வச்சுக்கோங்க. நாளைக்குக் கையெழுத்து. நீங்க அவர் வக்கீல். அவர்கிட்ட என்ன கேப்பீங்க? எதுக்குப் பயப்படச் சொல்வீங்க?"

சொல்லுங்கள் ஐயா, இது என்ன கேள்வி? நான்கு நோட்டில் எந்த நோட்டில் இது இருக்கிறது? உலக வர்த்தகம் கேட்பார்கள் என்று இரண்டு ஆண்டாகக் கண் விழித்தவனிடம் வந்து கேன் தண்ணீரைப் பற்றிக் கேட்டால், அது சோதனையா, சோதிப்பதுபோல் செய்யும் அவமதிப்பா?

ஆனாலும் நான் நிலைகுலையவில்லை. எந்தக் கேள்வியையும் நம் தயாரிப்பின் பக்கம் திருப்பிவிடலாம், அது ஒரு கலை. வட்டி விகிதம் ஏறுமுகத்தில் இருப்பதால் கையகப்படுத்தலுக்கான கடன் செலவு கூடும் என்று ஆரம்பித்தேன். கச்சா எண்ணெய் விலைக்கும் பிளாஸ்டிக் விலைக்கும் உள்ள உறவைச் சொன்னேன். பருவநிலை மாற்றம் குறித்த உலக மாநாடுகளைச் சொன்னேன். அம்மையார் குறுக்கிட்டார்.

"அதெல்லாம் இருக்கட்டும். தண்ணி எங்கிருந்து வருது?"

"நிலத்தடியிலிருந்து."

"யாரோட நிலம்?"

"அது பதிவு ஆவணங்களைப் பார்த்தால் தெரிந்துவிடும் அம்மா."

"சரி. கேன் யாருடையது?"

"மன்னிக்க வேண்டும்?"

"வீட்டுக்கு வீடு நிக்குதே, அந்தக் கேன். அது பிளான்ட்காரரோடதா, ஏஜென்ட்டோடதா, தண்ணி வாங்குறவரோடதா? பிளான்ட்டை வாங்கினா கேனும் சேர்ந்து வருமா?"

நான் சற்றுச் சிந்தித்தேன். பிறகு தெளிவாகச் சொன்னேன்: "அம்மா, அது சட்டப் பிரச்சினை அல்ல. பாத்திரப் பிரச்சினை."

இளைஞர் குனிந்து எதையோ தேடினார். நான் இன்னும் ஒரு நிமிடம் மீதமிருப்பதை உணர்ந்து, எந்த மேடையிலும் கைதட்டல் வாங்கித்தந்த என் கதையைச் சொன்னேன். பரந்த பார்வையின் அவசியத்தை விளக்க அதைவிடச் சிறந்த கதை இல்லை.

ஓர் ஊரில் ஒருவன், சுற்று வட்டாரத்துக் கோயில் மணிகளின் ஓசையையெல்லாம் கேட்டுக் கேட்டுப் பழகியவன். கண்ணை மூடிக்கொண்டு, இது வடக்கூர் மணி, இது கீழூர் மணி என்று சொல்லிவிடுவான். அரசன்கூட அழைத்துப் பட்டு கொடுத்தான். ஒருநாள் அவன் தெருவிலேயே தீப்பிடித்தது. ஆட்கள் தெருமுனை மணியை அடித்தார்கள். அவன் வாசலில் நின்றுகொண்டு, "இது எந்த ஊர் மணி, இதுவரை கேட்டதில்லையே" என்று யோசித்தானாம். யோசித்து முடிப்பதற்குள் கூரை விழுந்துவிட்டது. ஆகவே, இன்றைய வணிக உலகில் நமக்கு எல்லா மணிகளும் தெரிந்திருக்க வேண்டும் என்று முடித்தேன்.

 பெரியவர் முதல்முறையாக வாயைத் திறந்து, "நல்ல கதை" என்றார். அம்மையார் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "அந்த ஆளு பேரு என்ன?" என்று கேட்டார். "கதையில் பெயர் இல்லை அம்மா" என்றேன். "இருக்கட்டும்" என்று சொல்லிக் கோப்பை மூடினார்.

வணங்கி எழுந்தேன். கதவருகே வந்துவிட்டேன். அப்போதுதான் பின்னாலிருந்து சொன்னார். சத்தமில்லாமல், எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார்.

"தம்பி, நீங்க உங்க அக்காவை அனுப்பியிருக்கலாம்."

இதுதான் அந்த வார்த்தை. ஒன்பதாம் வகுப்புப் படித்த பெண்ணை, ஐந்தாண்டு சட்டம் படித்தவனோடு ஒப்பிட்டு ஒரு பங்குதாரர் பேசலாமா? தோல்வி எனக்குப் புதிதல்ல. ஐந்து தடவை தோற்றிருக்கிறேன். ஆனால் என் ஊரையும் என் வீட்டையும் இப்படி எடுத்து என் முகத்தில் எறிந்தவர்கள் யாருமில்லை. உலகம் முழுவதையும் அறிந்தவர்கள், எதிரில் இருப்பவனின் உழைப்பை அறியவில்லை. பக்கத்தில் இருப்பதைப் பார்க்கத் தெரியாத கல்வி என்ன கல்வி?

பொறுங்கள். அக்காதான் கூப்பிடுகிறாள். எடுக்காவிட்டால் விடமாட்டாள்.

மன்னியுங்கள். நீண்ட நேரம் பேசிவிட்டேன். சிக்னல் விட்டுவிட்டு வந்தது. உங்களுக்கும் பாதி கேட்டிருக்கும். என்ன சொன்னாள் என்றா கேட்கிறீர்கள்?

முதலில், "என்னடா கேட்டாக?" என்றாள். சொன்னேன். பத்து பிளான்ட் வாங்குவது, நிலம் யாருடையது, கேன் யாருடையது, எல்லாம் சொன்னேன். அவள் சிரித்துவிட்டாள். "அட, இதையா கேட்டாக. கேனு யாருதுன்னு தெரியாம எவனாச்சும் பிளான்ட்ட வாங்குவானா? தண்ணி எந்தப் போர்லயும் வரும்டா. எந்த வீட்ல ஓங் கேனு நிக்குதோ அந்த வீடுதான் ஒனக்குத் தொழிலு. கேனு போச்சுன்னா வீடு போச்சு. அப்பவே ஒனக்குச் சொன்னேனே, தண்ணியா பிளாஸ்டிக்கான்னு கேட்டேல்ல, அன்னைக்கி" என்றாள். பார்த்தீர்களா ஐயா. நேர்காணலில் பட்ட காயத்துக்கு ஆறுதல் சொல்லத் தெரியவில்லை, வியாபாரம் பேசுகிறாள். இப்படிப்பட்ட பேச்சுக்கு நடுவில்தான் நான் இரண்டு ஆண்டு படித்தேன்.

பிறகு அவள் குரல் இறங்கிவிட்டது. இன்று மதியம் கம்பெனி ஆட்கள் வண்டி கொண்டுவந்தார்களாம். முன்னறையில் இருந்த கேன்களையெல்லாம் ஏற்றிக்கொண்டார்களாம். இவள் வாசலை மறித்துக்கொண்டு நின்றிருக்கிறாள். "செவப்புப் பொட்டு வச்சிருக்கேன் பாருங்க, எல்லாம் நான் வாங்குனதுன்னேன். பேப்பர்ல கையெழுத்துப் போட்டிருக்கீகளேங்குறாக. வீடுவீடா நிக்கிற கேனும் அவுகளுதாம். போன வாரமே தபால் போட்டாச்சாம், இன்னையோட ஏஜென்சி முடிஞ்சுச்சாம். என்ன தபால்டா வந்துச்சு? இங்கிலீசுல ஒண்ணு வந்துச்சு, ஒன் மேசையிலதான் வச்சேன்." அப்புறம் கேட்டாள்: "அந்தப் பேப்பரு ஒங்கிட்டயா இருக்கு? கேனப் பத்தி அப்படியாடா போட்டிருக்கு?"

இருக்கிறது. இதோ, பையில்தான் இருக்கிறது. பின்பக்கத்தில் என் குறிப்புகள் இருப்பதால் நேர்காணலுக்குக் கொண்டுபோனேன். அந்தத் தபாலும் இருக்கிறது. மூன்றாம் நோட்டில் பக்க அடையாளத்துக்கு ஓர் உறை செருகியிருந்தேன். இதுவரை பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. இப்போதுதான் பிரிக்கிறேன். ஏழு நாள் அறிவிப்பு. சரியாக ஏழு நாள்தான் ஆகிறது.

ஒப்பந்தத்தில் ஒன்பதாம் பக்கம். பிடியுங்கள், கண்ணாடி போட்டிருக்கிறீர்களே, நீங்களே பாருங்கள். முகவரின் வசமும் அவருடைய வாடிக்கையாளர்களின் வசமும் உள்ள கேன்கள் அனைத்தும், அவற்றை வாங்கியவர் யாராயினும், இந்த ஒப்பந்தம் கையெழுத்தாகும் நாள் முதல் நிறுவனத்தின் உடைமையாகும். எவ்வளவு சுருக்கம், எவ்வளவு தெளிவு. ஒரு சொல்லைக்கூட எடுக்க முடியாது. இதை எழுதியவர் தொழில் தெரிந்தவர் ஐயா. அந்த அம்மையாரைப் போன்ற யாரோ ஒருவர், கட்சிக்காரரிடம் கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்டுவிட்டு எழுதியிருக்கிறார். அக்காவின் கையெழுத்து கீழே இருக்கிறது. இந்தப் பக்கத்தில்தான் பேனா கொஞ்சம் கசிந்திருக்கிறது.

பின்பக்கத்தைப் பார்க்கிறீர்களா. அது என் கையெழுத்து. 'கையெழுத்துக்கு முன் கட்சிக்காரருக்கு வழக்கறிஞர் ஆற்ற வேண்டிய கடமைகள்.' ஐந்தாம் நேர்காணலுக்காக எழுதிய இரண்டு நிமிடப் பேச்சு. வாசித்துக் காட்டட்டுமா என்று கேட்க நினைத்தேன். வேண்டாம்.

நான் அக்காவிடம் என்ன சொன்னேன் என்றா? உண்மையைச் சொன்னேன். "அக்கா, அப்படித்தான் போட்டிருக்கிறது. ஐயத்துக்கு இடமில்லாமல் போட்டிருக்கிறது" என்றேன்.   அவள் திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் ஒரு கதை சொல்லியிருப்பேன். அவள், "சரி. அப்ப சிக்கந்தர் அண்ணன நாளைக்கி வரவேண்டாம்னு சொல்லிருதேன். கோட்டக் கசங்காமக் கொண்டுவா, சாய்ங்காலத்துக்குள்ள குடுக்கணும்" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள். சாயங்காலம் ஏற்கெனவே வந்துவிட்டது. அவளுக்கு நேரம் தெரியவில்லை போலிருக்கிறது.

இதை எதிர்த்து வழக்குப் போட முடியாதா என்கிறீர்கள். போடலாம் ஐயா. படிக்காத பெண், புரியாத மொழி, சொந்தச் சம்பாத்தியத்தில் வாங்கிய பொருள். வழி இருக்கலாம். ஆனால் அதற்கு இந்தத் தொழிலின் உள்விவரம் தெரிந்த வழக்கறிஞர் வேண்டும். நான் யாரை அறிவேன்?

திண்டுக்கல் வந்துவிட்டது, நீங்கள் இறங்க வேண்டுமே. அந்தத் தாளைக் கொடுங்கள். அந்த உறையையும். நன்றி.

நாளைக் காலை ஐந்தரைக்கு எங்கள் வீட்டில் சத்தம் இருக்காது. இரண்டு ஆண்டாக நான் கேட்டது அது ஒன்றைத்தான். இனி அந்த அமைதியில் உட்கார்ந்து படிக்க எனக்கு ஒன்றுமில்லை. முன்னறையும் காலி, உள்ளறையும் காலி. பார்த்து இறங்குங்கள் ஐயா. உங்கள் தண்ணீர் பாட்டில் இங்கேயே இருக்கிறது.